ஜிம்முக்குப் போன போளி

இப்போதுள்ள ஆட்களுக்கு உடம்பு நோகவும் கூடாது, நோகாமல் இருக்கவும் பொறுக்காது. துணி துவைக்க ஒரு மெஷின், மாவாட்ட ஒரு மெஷின், தெருமுனைக் கடையில் கால் கிலோ வெங்காயம் வாங்கிவர ஒரு ஸ்கூட்டி. இருக்கிற வேலையையெல்லாம் மெஷின் தலையில் கட்டிவிட்டு, அப்புறம் வேர்க்கவில்லையே என்று கவலைப்பட்டு, வேர்க்க வைக்கிறதற்கு இன்னொரு மெஷினைத் தேடிப் போகிறார்கள். போகிற இடத்தில் ஏசி வேறு. வேர்க்க வந்தவர்களுக்கு ஏசி எதற்கு என்று சுடலைமாடன் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டார். ஒருத்தராவது ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

இதை அவர் வீட்டில் இருந்துகொண்டு சொல்லவில்லை. ஜிம் வாசலிலேயே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னார்.

கோவில்பட்டியில் கிருஷ்ணகுமார் நடத்துகிற ஜிம் அது. அவன் அப்பா காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் குடோனாக இருந்த இடம். குச்சி மூட்டைகளை அப்புறப்படுத்தி, சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்து, ஷட்டருக்கு மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டு, ஜிம் ஆக்கியிருந்தான். வானம் மூடிக்கிடக்கிற நாளில் உள்ளேயிருந்து இன்னும் லேசாகத் தீக்குச்சி மருந்து வாடை வரும். காலையும் சாயந்திரமும் ஆம்பிளைகளுக்கு. இடையில், வீட்டு வேலை ஒதுங்கின நேரம், பெண்களுக்கு மட்டும். அந்த நேரம் ஆம்பிளைகள் உள்ளே போகக் கூடாது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் சுடலைமாடன் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் பெண்டாட்டி வள்ளிமயில் படகு விட்டுக்கொண்டிருந்தாள்.

படகு என்றால் தண்ணீரில் போகிற படகு இல்லை. தரையோடு தரையாக நீளமாக ஒரு இரும்புத் தண்டவாளம். அதன்மேல் உருளுகிற சின்ன இருக்கை. முன்னால் காற்றாடி அடைத்த ஒரு உருளை, அதிலிருந்து சங்கிலியில் கோத்த ஒரு கைப்பிடி. இருக்கையில் உட்கார்ந்து, பாதத்தை வாரில் கட்டிக்கொண்டு, காலால் தள்ளிப் பின்னால் போக வேண்டும். போகும்போதே கைப்பிடியை வயிற்றுக்கு இழுக்க வேண்டும். அப்புறம் முன்னால் வர வேண்டும். மறுபடி பின்னால் போக வேண்டும். உருளை 'புஸ்... புஸ்...' என்று பாம்பு மாதிரி சீறும்.

முதல் நாளே சுடலைமாடன் கிருஷ்ணகுமாரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தம்பி, இது எங்கன போவும்?"

"எங்கயும் போகாது அண்ணாச்சி. இருந்த இடத்துலயே இருக்கும்."

"பெறகு அந்தப் பொட்டியில என்னமோ நம்பரு ஓடுதே?"

"அது போன தூரம்."

"போகாதுன்னு இப்பதானய்யா சொன்ன."

கிருஷ்ணகுமார் தலையைச் சொறிந்தான். "தண்ணியில போயிருந்தா எவ்வளவு தூரம் போயிருப்பமோ, அந்தத் தூரம் அண்ணாச்சி."

"இங்கன கம்மாயில மாடு குளிப்பாட்டத் தண்ணியில்ல. இவன் படகு விடுதான்" என்று அவர் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

வள்ளிமயில் அந்தப் படகில் ஏறியதற்குக் காரணம் அவளுடைய முழங்கால் முட்டு. சீனி இல்லை, பிரஷர் இல்லை, ரெண்டு முட்டும்தான் போய்விட்டது. களை எடுக்கக் குத்தவைக்க முடியாது. சரி, அதைக்கூட விட்டுத் தள்ளலாம். பஸ்ஸில் ஏற முடியவில்லை. பெண்களுக்குக் காசு வாங்காமல் அரசாங்கமே பஸ் விட்டிருக்கிறது, ஊரில் உள்ள பொம்பிளைகள் எல்லாம் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போய்வருகிறார்கள், வள்ளிமயில் மட்டும் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மறுகாலைத் தூக்க மாட்டாமல் நிற்பாள். கண்டக்டர் கையைப் பிடித்து மேலே இழுப்பார், கீழே நிற்கிறவர்கள் இடுப்பில் கை கொடுத்துத் தள்ளுவார்கள். ஒருதடவை அப்படித் தள்ளினவன் ஊர்க்காரன். அவன் அதைச் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்றைக்கிருந்து அவள் பஸ் பக்கமே போவதில்லை. கழுகுமலையில் இருக்கிற தங்கச்சியைப் பார்த்து வருஷம் ஒன்றாகிவிட்டது. தங்கச்சிக்கும் நடமாட்டம் இல்லை. போனில் ரெண்டு பேரும் ஒருத்தர் முட்டுவலியை ஒருத்தர் விசாரித்துக்கொள்வதோடு சரி.

கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் பூங்கொடிதான் அம்மாவைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முட்டு மாற்ற வேண்டும் என்றார்.

"ஆனா இந்த எடையோட செய்ய முடியாது. குறைச்சிட்டு வாங்க. தை பிறந்ததும் ஆபரேஷனை வச்சிக்கலாம்."

"குறையலன்னா?" என்று சுடலைமாடன் கேட்டார்.

"குறையலைன்னா இப்போதைக்குக் கிடையாது."

அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று அவர் வெளியே சொல்லவில்லை.

அவருடைய அண்ணன் இசக்கிபாண்டி குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று போனவர். தூக்குவாளியைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டு, மாடியில் இருந்த வார்டுக்குத் தன் காலால் படியேறிப் போனவர். திரும்பி வரும்போது வேனில் படுத்து வந்தார். இருதயம் என்றார்கள். கத்தி வைத்தது வயிற்றில், நின்றது இருதயமா என்று சுடலைமாடன் கேட்டார். அதற்கும் ஒருத்தரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக்கோட்டுப் போட்டவர்கள் சிரித்துப் பேசினால் அவர் கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார். வள்ளிமயிலுடைய டாக்டர் ரொம்பவே சிரித்துப் பேசினார்.

ஆக, எடை குறையக் கூடாது. குறைந்தால் கத்தி. கணக்கு அவ்வளவுதான்.

இது தெரியாமல் வள்ளிமயில் மகள் சொன்ன சொல்லைத் தட்டாமல் ஜிம்முக்கு வரச் சம்மதித்தாள். தண்டவாளத்தில் சேலை சிக்கும் என்று மகளுடைய பழைய சுடிதாரை மாட்டிவிட்டார்கள். அறுபத்தைந்து வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டு, மேலே ஒரு குற்றாலத் துண்டையும் போர்த்திக்கொண்டு அவள் வந்து நின்றபோது சுடலைமாடன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எக்ஸெல் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வசதி மட்டும் இருந்தது. ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்ததால் வண்டி ஒருபக்கமாகச் சாயவில்லை. ஆனாலும் ஊரிலிருந்து கோவில்பட்டி வரை பின் டயர் சப்பளிந்து, தார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது.

பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளை சந்தனமாரி. கல்லூரியில் கபடி ஆடினவள். குரல் மைதானத்துக்குப் போதும். அவள் போடுகிற சத்தம் வாசல்வரை கேட்கும்.

"ஆச்சி, கையால இழுக்காதீங்க. கெணத்துல தண்ணி எறைக்கலை நீங்க. மொதல்ல காலால தள்ளுங்க. கை கடைசியிலதான்."

"கால்தானட்டி எனக்கு வலிக்கு."

"முட்டு முழுசா மடங்க வேண்டாம். பாதி வாங்க போதும். இந்தா, இந்த அடையாளம் வரைக்கும். நின்னு நடந்தா ஒங்க பாரமெல்லாம் முட்டு மேல எறங்கும். இங்கன பாரத்தச் சீட்டு தாங்கிக்கிடும்."

வெளியிலிருந்து சுடலைமாடன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலையில் எடை குறையுமாக்கும். உட்கார்ந்து எடை குறையுமென்றால் அவர் இந்த நாற்காலியிலேயே காற்றில் பறந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்புகிற ஆள் இல்லை அவர். மெஷின் குறைக்காது என்பதையும் சேர்த்துத்தான் நம்பவில்லை. ஒருவேளை குறைத்துவிட்டால்? அதற்கும் ஒரு ஏற்பாடு செய்து வைப்பது நல்லது என்று, வள்ளிமயிலை உள்ளே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கே கடம்பூரிலிருந்து தினமும் போளி கொண்டுவந்து விற்கிற ஒரு ஆள் உண்டு. கல்லில் நெய் விட்டு எடுத்த போளி. தாள் வழியாகவே கையில் மினுமினுப்பு ஒட்டும்.

சும்மா கொடுத்தால் அவள் தின்ன மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இனிப்பும் நெய்யும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பூங்கொடி அடித்துச் சொல்லியிருக்கிறாள். அதனால் தாளைப் பிரித்துப் போட்டுவிட்டு, வாழையிலைத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி அதில் மடித்தார். மேலே ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தார். ஷட்டர் வாசலுக்கு வந்து, அவள் மூச்சு வாங்க ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி, இங்கன வா. இந்தா, அம்மன் கோயில்ல குடுத்தாவ."

வள்ளிமயில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு ரெண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினாள். "போளியா? கோயில்ல போளி எப்பலருந்து குடுக்காவ?"

"யாரோ நேந்துக்கிட்டாவளாம். சாமிக்குப் படைச்சத வாங்கிட்டு, யாரு, எவருன்னு கேக்கப்படாது."

அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். பத்தியம் என்ன பத்தியம். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிற பொம்பிளை இந்தக் கரிசல்காட்டில் இன்னும் பிறக்கவில்லை. சுடலைமாடன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நாள் தவறாமல் யாரோ ஒருத்தர் அம்மனுக்குப் போளி நேர்ந்துகொண்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மக்காச்சோளம் முளைத்து வரிசை தெரிய ஆரம்பித்தது. ஒருநாள் வண்டியில் வரும்போது, பாலத்துப் பள்ளத்தில் வழக்கமாக 'டொக்'கென்று அடிக்கிற பின்சக்கரம் அன்றைக்கு அடிக்கவில்லை. சுடலைமாடனுக்குச் சுருக்கென்றது. இறங்கிப் பார்த்தார். டயர் உருண்டையாக நின்றது.

"என்ன பாக்கீய?" என்றாள் வள்ளிமயில்.

"காத்து பாக்குதேன்."

"காத்து இருக்கா?"

"ரொம்ப இருக்கு" என்றார் அவர், கவலையோடு.

வீட்டில் கவனித்துப் பார்த்தால், ரவிக்கைக் கையில் விரல் நுழைகிற இடம் இருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கும்போது போடுகிற 'அம்மா, முருகா'வைக் காணோம். இவ்வளவு நெய்யும் எங்கேதான் போகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. படைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று போளியைக் கூட்டினார். இலைத்துண்டு போதாமல் முழு இலை ஆயிற்று. போளிக்காரன் வீட்டில் விசேஷமா என்று கேட்டான். ஆமாம் என்றார்.

கிருஷ்ணகுமாருக்கு அந்தப் பக்கம் வேறொரு கவலை. பெண்கள் வகுப்பில் மாதம் ஒருதடவை எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். அந்த மாதம் ஏறினவர்கள் எல்லாருக்கும் முள் மேலே போயிருந்தது, வள்ளிமயில் ஒருத்தியைத் தவிர. பூண்டு மண்டிக்காரர் வீட்டுச் சீனித்தாய்க்குத்தான் எல்லாரையும்விடக் கூடுதல்.

"காலையில கேப்பக் கஞ்சி, ராத்திரி ரெண்டு இட்லி. என் வாழ்க்கையே போச்சு. எனக்கு எப்படிய்யா ஏறும்?" என்று சீனித்தாய் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் முதலில் எடை மெஷினைச் சந்தேகப்பட்டான். புது மெஷின் வாங்கி வைத்தான். அது இன்னும் கூட்டிக் காட்டியது. பிறகு வாஸ்து பார்க்கிற ஒருத்தரைக் கூட்டிவந்தான். படகு மெஷின் தெற்கே பார்த்து இருக்கிறது, தெற்கு எமன் திசை, அந்தத் திசைக்கு யார் துடுப்புப் போட்டாலும் விளங்காது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். நாலு பேர் சேர்ந்து மெஷினைக் கிழக்கே திருப்பி வைத்தார்கள். இதையெல்லாம் அவன் வாசலில் வந்து சுடலைமாடனிடம் சொல்லி அழுதான்.

"ஒங்க வீட்டு ஆச்சிக்கு மட்டும் எறங்குது அண்ணாச்சி. மத்தவியளுக்கு ஏறுது. அதே மெஷின், அதே சந்தனமாரி. எனக்கு ஒண்ணும் ஓடல."

"நாந்தான் மொதல்லயே சொன்னேம்லா" என்றார் சுடலைமாடன். "போகாத படகு என்னத்தச் செய்யும்?"

குட்டு வெளிப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சீனித்தாய் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தானும் அம்மனுக்குப் போளி படைக்கிறது என்று முடிவு பண்ணி, தேங்காய் பழத்தோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள். போளி எப்போது கொண்டுவர வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அர்ச்சகரைக் கேட்டிருக்கிறாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தக் கோயிலில் போளி படைத்து நான் பார்த்ததே இல்லையம்மா என்றிருக்கிறார். அங்கிருந்து சீனித்தாய் நேரே ஜிம்முக்குத்தான் வந்தாள். நெற்றிக் குங்குமம்கூட இன்னும் உதிரவில்லை.

சுடலைமாடன் இலைப்பொட்டலத்தோடு ஷட்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அது எந்தக் கோயில் போளி?"

"அம்மன் கோயில்."

"நான் அங்கனருந்துதான் வாரேன்."

சுடலைமாடன் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் துண்டும் வேர்வையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். சந்தனமாரி முன்னால் நின்றாள்.

"எங்க எல்லாருக்கும் தெனமும் ஊட்டுனது பிரசாதம் இல்லையா தாத்தா?"

"ஒங்களுக்கா?" என்று திகைத்துப்போனார் அவர். "ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

"ஆச்சிதான். ஒரு கிள்ளு வாயில போட்டுக்கிட்டு, மிச்சத்த எல்லாருக்கும் பிச்சிப் பிச்சிக் குடுப்பாவ. சாமி பிரசாதம், வேண்டாம்னு சொல்லாதிய பிள்ளைகளான்னு."

"வேண்டாம்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றாள் சீனித்தாய். "நான் ஒருநா டயட்டுன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு வள்ளிமயில் மதினி மொகம் சுருங்கிப்போச்சு. அம்மன் கோவிச்சுக்கிடக் கூடாதேன்னு மறுநாள் ரெண்டா வாங்கித் தின்னேன். கஞ்சியக் குடிச்சிக்கிட்டு இங்கன வந்து நெய்யா முழுங்கியிருக்கேன். தெக்கப் பாத்த மெஷினக் கெழக்க திருப்பி வச்சானே இந்தக் கிருஷ்ணகுமாரு, அவனச் சொல்லணும்."

யாரோ சிரித்தார்கள். ஒருத்தர் சிரித்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சீனித்தாய் உட்பட. வள்ளிமயில் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்து, புருஷன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிச் சந்தனமாரியிடம் கொடுத்தாள். அவர் வண்டியை எடுத்ததும் ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது அவர் தோளைப் பிடிக்கவில்லை.

ஊர் எல்லையில் மக்காச்சோளக் காட்டுப் பக்கம் வந்ததும், "நிப்பாட்டுங்க" என்றாள். அவர் நிப்பாட்டினார். காட்டுப்பன்றி வராமல் இருக்கக் கட்டிய பழைய சேலைகள் வரப்பு நெடுக ஆடிக்கொண்டிருந்தன.

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கீய. எதுக்கு?"

அவர் காட்டைப் பார்த்தார். காடு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"எட கொறஞ்சா அறுத்துருவான்" என்றார் கடைசியில்.

"அறுக்கதுக்குத்தான கொறைக்கேன்."

"எங்கண்ணனும் நடந்துதான் போனாவ."

 தம்பி பெண்டாட்டியாக அந்த வேனை நோக்கி ஓடினவள் வள்ளிமயிலும்தான். அதைப் பற்றிப் புருஷன் வாய் திறந்து அவள் கேட்டதே இல்லை.

"அத மொதல்லயே சொல்லதுக்கு என்ன? சொல்லாம கொள்ளாம என்னைப் பன்னி மாதிரி வளத்துருக்கீய."

"எங்க வளந்த? ஊரெல்லாம் பங்கு வச்சிட்டியே."

"பிரசாதத்த ஒத்தையில திங்கதுக்கு நான் என்ன வளப்பு சரியில்லாதவளா?" அவளுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "இந்தா பாருங்க. எனக்கு அறுக்கணும்னு ஆச கெடையாது. பஸ்ல ஏறணும். எவன் கையும் படாம ஏறணும். அம்புட்டுதான். அதுக்கு அறுத்துத்தான் ஆவணும்னா அறுத்துக்கிடுதேன். ஒங்க பயத்துக்காவ நான் ரோட்டுல நிக்க முடியாது."

அவர் வண்டியை எடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தை பிறக்கிறவரை அவருக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. வள்ளிமயில் ஒருநாள்கூடத் தவறாமல் ஜிம்முக்குப் போனாள். அவரும் கூடப் போய், போளி இல்லாத வெறுங்கையோடு, புஸ் புஸ் என்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு இழுப்பும் அவளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது போலவே அவருக்குப் பட்டது.

தையில் திருநெல்வேலிக்குப் போனார்கள். டாக்டர் எடையைப் பார்த்துச் சிரித்தார். சுடலைமாடன் கதவுப் பக்கம் நகர்ந்தார். டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழுந்திரிக்கச் சொன்னார். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து எழச் சொன்னார். எழுந்தாள். தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"என்ன பயிற்சி செஞ்சீங்க?"

"படகு விட்டேன்."

"படகா? எந்த ஆத்துல?"

"ஆறெல்லாம் இல்ல சார். தீப்பெட்டிக் குடோன்ல" என்றாள் வள்ளிமயில். பூங்கொடிதான் இடையில் புகுந்து விளக்கிச் சொன்னாள்.

டாக்டர் தலையாட்டினார். "முட்டு தேஞ்சது தேஞ்சதுதான், அது வளராது. ஆனா சுத்தியுள்ள சதை பலமாயிருக்கு. பாரத்த அது வாங்கிக்குது. ஆபரேஷன் இப்பவே செய்யணும்னாலும் செய்யலாம். தள்ளிப்போட்டாலும் தப்பில்ல. ஒங்களுக்கு எப்படிம்மா?"

சுடலைமாடன் இடுப்பு வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வள்ளிமயில் அவரைப் பார்த்தாள், அந்த முடிச்சைப் பார்த்தாள்.

"பஸ்ல ஏறிப் பாத்துட்டுச் சொல்லுதேன் சார்" என்றாள்.

மறுவாரம் சுடலைமாடன் தனியாக ஜிம்முக்கு வந்தார். பின் சீட்டு காலியாக இருந்தது.

"ஆச்சி எங்க தாத்தா?" என்று சந்தனமாரி ஷட்டருக்கு வந்தாள்.

"வரமாட்டா. சொல்லிட்டு வரச் சொன்னா. கழுகுமலைக்குப் போயிருக்கா, தங்கச்சியப் பாக்க."

"எப்படி? பஸ்லயா?"

"பஸ்லதான்."

"ஏறிட்டாவளா?"

"ஏறுனா." அவர் தெருவைப் பார்த்தார். "நான் பின்னால கைய வச்சிக்கிட்டு நின்னேன். தேவப்படல. ஏறிச் சன்னலோரம் போயி உக்காந்துட்டா. கண்டக்டரு, யோவ் பெருசு, நீ ஏறுதியா இல்லியாங்கான் என்னைப் பாத்து. அவள ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கல."

 உள்ளேயிருந்து சீனித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"பெறகென்ன அண்ணாச்சி, ஆபரேஷன் இல்ல. மதினி எடம் இன்னைக்குக் காலி. சாமி பேரச் சொல்லி எங்களக் குண்டாக்குனதுக்கு அபராதம். வந்து உக்காருங்க."

"பொம்பளைக இருக்க எடத்துக்கு நான் எப்படி வர?"

"இவ்வளவு நாளும் வாசல்ல உக்காந்து எட்டிப் பாத்தீயளே, அப்ப தெரியலயா?"

கிருஷ்ணகுமார் சரி என்று தலையாட்டினான். பெண்கள் விடுகிற மாதிரி தெரியவில்லை. சுடலைமாடன் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் கூண்டேறுகிற மாதிரி உள்ளே போனார். இருக்கை அவர் உட்காருகிறதற்கு முன்பே நழுவியது. பிடித்து உட்கார்ந்தார். சந்தனமாரி பாதத்தில் வாரை இறுக்கினாள்.

"கால எதுக்குக் கட்டுத? ஓடிருவேன்னா?"

"வழுக்காம இருக்க தாத்தா. காலால தள்ளுங்க. பெறகு இழுங்க."

காலால் தள்ளினார். சடாரென்று பின்னால் போனார். முன்னால் வந்தார். உருளை சீறியது. தள்ளினார், வந்தார். கண்ணாடியில் தார்பாய்ச்சிக் கட்டின ஒரு கிழவன் போய்ப் போய் வந்துகொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக இழுத்தார். பெட்டியில் நம்பர் ஓடியது. கொஞ்சநேரத்தில் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. கைப்பிடியை விட்டார்.

"எப்படி இருக்கு?" என்றாள் சந்தனமாரி.

"வேர்க்கு."

"அதுதான வேணும்."

"மெஷினால வேர்க்கல. இத்தன பேரு சுத்தி நின்னு பாத்தா எவனுக்குத்தான் வேர்க்காது."

"அப்ப ஆச்சிக்கு முட்டு சரியானது எதனால?"

வாரைத் தானே அவிழ்த்துக்கொண்டு அவர் எழுந்தார். "இந்த வருசம் கார்த்திகையில வாடக்காத்து அடிக்கவே இல்ல. வாட அடிக்காத வருசம் எவளுக்கும் முட்டு வலிக்காது. ஊர்ல போயிக் கேளு."

"அப்ப அடுத்த வருசம் வாட அடிச்சா?"

"அடிக்கும்போது பாப்போம்."

பெண்கள் சிரிக்கிற சத்தத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசல்படியில் இறங்கும்போது தொடை ரெண்டும் கிடுகிடுவென்று ஆடியது. ஒரு நிமிஷம் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று படியை முறைத்தார். மட்டம் பார்க்காமல் கட்டியிருக்கிறான்கள் என்று முனகிக்கொண்டே வண்டியைப் பார்த்து நடந்தார்.